நூறு ரூபாய்க்கு ஒரு பைசா: பேசிஸ் பாயிண்ட் கணக்கில் சறுக்கும் இடங்கள்

2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனின் வட்டியை, 25 பேசிஸ் பாயிண்ட் குறைத்தது. 6.50 சதவீதம் 6.25 ஆனது. இதைத்தான் ‘0.25 சதவீதம் குறைந்தது’ என்று சொல்லிவிடுகிறோம். கறாராகப் பார்த்தால் 6.50-இல் 0.25 சதவீதம் வெறும் 0.016, அப்படிக் குறைத்திருந்தால் விகிதம் 6.48-க்கு மேலேயே நின்றிருக்கும். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் தனி அளவு. பேச்சுக்குக் ‘கால் சதவீதம்’ போதும், ஒப்பந்தத்துக்குப் போதாது.

ஒரு பேசிஸ் பாயிண்ட் என்பது ஒரு சதவீதத்தின் நூறில் ஒரு பங்கு. நம் வழக்கில் நூறு ரூபாய்க்கு ஒரு பைசா. சரி, புரிந்துவிட்டது என்று நினைக்கும்போதே அடுத்த சறுக்கல். ஊரில் ‘25 பைசா வட்டி’ என்றால் அது மாதக் கணக்கு. ஆண்டுக்கு 3 சதவீதம், அதாவது 300 பேசிஸ் பாயிண்ட். வங்கி சொல்லும் 25 பேசிஸ் பாயிண்ட் ஆண்டுக் கணக்கு. ‘ரெண்டு வட்டி’ வாங்குபவரிடம் இதே அளவில் கேட்டால் 2,400 என்று வரும். அவர் சொல்ல மாட்டார்!

எக்செல்லில் சூத்திரம் எழுதுபவர்கள் 25 பேசிஸ் பாயிண்டை 0.25 என்று போட்டுவிடுவதும் உண்டு. அது 25 சதவீதம். போட வேண்டியது 0.0025.

அப்புறம் வீட்டுக் கடன். ரெப்போ குறைந்த மறுநாளே தவணை குறையாது. ரெப்போவோடு இணைத்த வங்கிக் கடனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை மாற்றியமைக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தேதி வரை பொறுக்க வேண்டும். நிலையான வட்டிக் கடனுக்கு இதில் ஒன்றும் இல்லை.

50 லட்சம், 20 ஆண்டு, 9 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 44,986 ரூபாய். வட்டி 8.75 ஆனால் 44,186. ‘800 ரூபாய்தானே’ என்று தோன்றும். தவணையைக் குறைக்காமல் பழைய தொகையையே கட்டினால் 240 மாதக் கடன் 229 மாதத்தில் முடிகிறது. மிச்சம் கிட்டத்தட்ட 11 தவணை, ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. தவணையைக் குறைத்துக்கொண்டால் மிச்சம் மொத்தமே 1.92 லட்சம். வங்கிகள் பெரும்பாலும் தவணையைத் தொடாமல் மாதங்களைத்தான் குறைக்கின்றன. ஆகவே, தவணை மாறவில்லையே என்று மேலாளரிடம் சண்டைக்குப் போகும் முன், கணக்கில் பாக்கி எத்தனை மாதம் என்று பாருங்கள்.