பிளேற் வீட்டுக்குள் காற்று ஓட வைப்பது எப்படி

2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோதுதான், எங்கள் வீட்டுக்குள் காற்றே வருவதில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதுவரை ஃபான் சுற்றிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. 81 வயதான அம்மா வேப்பமரத்தடியில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்றார். யன்னலெல்லாம் திறந்துதானே கிடக்கிறது, வாங்கோ என்றேன். "பிள்ளை, வாற காத்துக்குப் போக வழியில்லையெண்டால் அது ஏன் உள்ளுக்கு வரப்போகுது?" என்றார்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு வெயில் காலம் வீட்டைத் திருத்தினேன். எங்களுடையது யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், செம்மண் தோட்டங்களுக்குப் பக்கத்தில், சீமெந்துக் கல்லால் கட்டிப் பிளேற், அதாவது தட்டையான கொங்கிறீற் கூரை, போட்ட வீடு. முன்பு அதே வளவில் நாற்சார் வீடு இருந்தது. நடு முற்றத்தால் சூட்டுக் காற்று மேலே போய்விடும், அந்த இடத்தை நிரப்ப விறாந்தைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வரும். தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாமல் அந்த வீட்டில் பல ஆண்டுகள் இருந்தோம். புது வீட்டைக் கட்டும்போது முற்றத்தை விட்டுவிட்டோம்.

முதலில் ஒரு சந்தனக்குச்சியைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். காலை, பின்னேரம் 4 மணி, இரவு படுக்கப் போகும் நேரம் என்று மூன்று தரம். ஒவ்வொரு யன்னலிலும் புகை உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா, நேரே மேலே எழும்புகிறதா என்று கொப்பியில் குறியுங்கள். நேரே எழும்பும் இடம்தான் உங்கள் வேலை. வைகாசி முதல் புரட்டாதி வரை எங்களுக்குச் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று. சித்திரையில் அது இன்னும் தொடங்கியிருக்காது, காற்று ஓய்ந்து கிடக்கும். ஆகவே இரண்டு காலத்திலும் பார்க்க வேண்டும்.

அம்மாவின் அறையில் மேற்கு யன்னலிலும் புகை நேரே எழும்பியது. வடக்குச் சுவரிலும் ஒரு யன்னல் உண்டு. ஆனால் பல வருடமாக அதை மறைத்துக்கொண்டு அலுமாரி நின்றது. அதை இழுத்து மற்றச் சுவரோடு வைத்தேன். ஒரு சதம் செலவில்லாமல் அன்றைக்கே திரைச்சீலை ஆடியது. உங்கள் வீட்டிலும் முதலில் அலுமாரி, மெத்தை, அடுக்கிய பெட்டிகள் எவை எதை மறைக்கின்றன என்று பாருங்கள்.

காற்று வரும் வழியை விடப் போகும் வழி பெரிதாக இருந்தால், வரும் இடத்தில் அது வேகமாக நுழையும். அதனால் சோளகக் காலத்தில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்து மேற்கு யன்னலில் ஒரு கதவை மட்டும் திறக்கிறேன், வடக்கு யன்னலை முழுவதும் திறக்கிறேன். கட்டிலில் படுத்திருப்பவரின் மேலில் காற்றுப் பட வேண்டுமென்றால், அது நுழையும் திறப்புத் தாழ்வாக இருக்க வேண்டும். வெளியேறும் திறப்பு உயரத்தில் இருப்பது நல்லது, ஏனென்றால் சூடு மேலே போய்த்தான் தங்கும்.

ஒரே யன்னல் உள்ள அறைக்கு அறைக்கதவுதான் மறு வழி. இரவில் கதவைப் பூட்டினால் அந்த வழி போச்சு. பழைய வீடுகளில் கதவு நிலைக்கு மேலே மரச்சட்டம் போட்ட திறப்பு இருக்கும், பார்த்திருப்பீர்கள். நாங்கள் மேசனைக் கூப்பிட்டு, கதவுக்கு மேலே மூன்றடி நீளம், ஒன்பது அங்குல உயரத்தில் ஒரு திறப்பு வெட்டுவித்தோம். ஒன்றரை நாள் வேலை. நீங்களாக வெட்டத் தொடங்க வேண்டாம். கதவுக்கு மேலே போகும் லின்ரலையும் பிளேற்றைத் தாங்கும் பீமையும் தொடவே கூடாது, அனுபவமுள்ள மேசன் பார்த்துச் சொல்லட்டும்.

பிறகு மதில். எங்கள் ஊரில் எல்லாரும் கிடுகு வேலியை எடுத்துவிட்டு ஆறடி, ஏழடி மதில் கட்டினோம். கிடுகு வேலி காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும், மதில் அப்படியே மறித்துவிடும். தகர வேலி இன்னும் மோசம், பகல் முழுக்கச் சூட்டைத் திருப்பி வீட்டின் மேலேயே வீசும். தென்மேற்கு மூலையில் யன்னல் மட்டத்தில் நான்கு வரிசைக் கல்லைக் கழற்றித் துளைக் கல் வைத்தோம். புதிதாக மதில் கட்டுபவர்கள் அந்தப் பக்கம் கதியால் வேலியாகவே விட்டுவிடலாம். பூவரசும் கிளுவையும் நின்றால் நிழலும் கிடைக்கும், காற்றும் வரும்.

மேற்குப் பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. நல்ல காற்று வரும் அதே பக்கத்தால்தான் பின்னேர வெயிலும் வரும். உள்ளே திரைச்சீலை போட்டால் சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும். நிழல் யன்னலுக்கு வெளியே விழ வேண்டும். நான் கம்பிப் பந்தல் போட்டுக் கொடித்தோடை படர விட்டேன். சுவரில் முட்டாமல் இரண்டடி விலத்திப் படர்வதால் இடையால் காற்றுப் போகிறது.

கூரையைத்தான் நான் கடைசியாக யோசித்தேன், முதலில் யோசித்திருக்க வேண்டும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாள்களில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வரும். அப்போது சுவரை விடப் பிளேற்றில்தான் வெயில் அதிகம் விழும். பகலெல்லாம் குடித்த சூட்டை அது இரவு முழுக்கக் கீழே விடும். மேலே வெள்ளையாகச் சுண்ணாம்பு அடியுங்கள். முடிந்தால் கல் அடுக்கி, அதன் மேல் தடி போட்டுக் கிடுகு பரப்புங்கள். பிளேற்றுக்கும் கிடுகுக்கும் இடையில் ஓரடி வெளி இருக்கட்டும், அந்த வெளியால் ஓடும் காற்றுத்தான் சூட்டைக் கொண்டுபோகும். சோளகம் தூக்கி எறியாதபடி கயிறு போட்டுக் கட்டுங்கள், மாரிக்கு முன் கழற்றிவிடுங்கள். பின்னேரத்தில் பிளேற்றுக்குத் தண்ணீர் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். கிணற்றை மட்டுமே நம்பியிருக்கும் ஊரில், அதுவும் கோடையில், என் மனம் அதற்கு ஒப்பவில்லை.

எப்போது திறப்பது, எப்போது மூடுவது? விறாந்தை நிழலில் ஒன்றும் ஹோலில் ஒன்றுமாக இரண்டு வெப்பமானி தொங்கவிட்டிருக்கிறேன். வெளியே கூடுதலாகக் காட்டினால் வெயில் பக்க யன்னல்களை மூடுவேன், நிழல் பக்கம் திறந்தே இருக்கும். வெளியே குறைந்ததும் எல்லாவற்றையும் திறப்பேன். இரவு 8 மணிக்கு இன்னொரு வேலையும் செய்யலாம். பெடஸ்ரல் ஃபானை வடக்கு யன்னலுக்கு இரண்டு மூன்று அடி உள்ளே, முகத்தை வெளியே திருப்பி வையுங்கள். மேற்கு யன்னல்களைத் திறந்துவிட்டு அரை மணித்தியாலம் ஓடவிட்டால், தேங்கிய சூட்டுக் காற்று வெளியே போய்ப் புதுக் காற்று வரும். காற்று அடிக்கும் திசைக்கு எதிராக ஃபானை வைக்காதீர்கள்.

குசினியில் சமைக்கும்போது ஹோல் பக்கக் கதவைச் சாத்திப் பின் யன்னலைத் திறந்தாலே போதும். பழைய புகைக்கூடு இருந்தால் அதை அடைத்துவிட வேண்டாம்.

நுளம்பு வலை காற்றைக் கணிசமாகக் குறைக்கும். அதற்காக வலையைக் கழற்றச் சொல்ல மாட்டேன், டெங்கு நுளம்பு பகலிலேயே கடிப்பது. சிறிய யன்னலுக்கு வலை அடிப்பதை விட விறாந்தை முழுவதற்கும் அடியுங்கள். வலையின் பரப்புக் கூடக் கூடக் காற்று இலகுவாக வரும். சோளகக் காலத்தில் செம்மண் புழுதி வலைக் கண்களை அடைத்துவிடும், இரண்டு கிழமைக்கு ஒரு தரம் கழுவ வேண்டும்.

வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு ஒன்று. அறையின் சூடு 35 பாகையைத் தாண்டினால் ஃபான் சூட்டுக் காற்றையே உடம்பில் அடிக்கும், வியர்வை காய்வதால் மட்டும்தான் குளிரும். அம்மாவுக்குத் தாகம் தெரிவதில்லை, அதனால் கேட்காமலே தண்ணீர் கொடுக்கிறேன், கழுத்திலும் கையிலும் ஈரத் துணியால் துடைத்துவிடுகிறேன். தலைசுற்றல், உளறல், அல்லது உடம்பு கொதிக்கக் கொதிக்க வியர்வை நின்றுபோதல், இதில் எதைக் கண்டாலும் தாமதிக்காமல் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அம்மா இப்போது பகலில் அறைக்குள்ளேயே, வடக்கு யன்னலைப் பார்த்தபடி படுக்கிறார். சாய்மனைக் கதிரை மட்டும் இன்னும் வேப்பமரத்தடியில்தான் கிடக்கிறது. பின்னேரம் 5 மணிக்கு அங்கே போய்விடுவார்.