நீல ஒயர் மைனஸ் இல்லை: டிசிசி இன்ஜினில் விளக்கு போடும்போது செய்யும் தவறுகள்

பைக்கில் ஹார்ன், இண்டிகேட்டர் மாட்டிப் பழகிய கைக்கு ஒரு பழக்கம் உண்டு. பிளஸ் ஒயரை இழுத்து வருவார்கள்; மைனஸை எட்டுகிற இரும்பில் கொடுத்துவிடுவார்கள். அதே கை மாடல் ரயில் இன்ஜினைத் திறந்தால், கட்டளைகளைப் படித்து மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் டிகோடர் என்ற சின்ன சர்க்யூட் புகையும்.

மின்சாரத்தோடு டிஜிட்டல் கட்டளைகளும் தண்டவாளம் வழியே போகும் முறைதான் டிசிசி. அந்தத் தண்டவாளத்தில் இன்ஜின் நின்றாலும் ஓடினாலும் முழு வோல்டேஜ் இருக்கும். ஹெச்ஓ அளவில் (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு) பெரும்பாலும் 14, 15 வோல்ட். அதில் பிளஸ்ஸும் மைனஸும் நொடிக்குப் பல ஆயிரம் தடவை இடம் மாறிக்கொண்டிருக்கும். டிகோடர் அதை உள்ளே டிசியாக்கி, நீல ஒயரில் பிளஸ் தருகிறது. முன்விளக்கின் வெள்ளை, பின்விளக்கின் மஞ்சள், கூடுதல் விளக்குகளுக்கான பச்சை, ஊதா எல்லாமே மைனஸ் பக்கம். கண்ட்ரோலரின் ஃபங்ஷன் பட்டனை அமுக்கும்போது டிகோடர் அந்த ஒயரை உள்ளே மைனஸோடு சேர்க்கிறது, அவ்வளவுதான். நீலத்துக்குக் 'காமன்' என்று பெயர் வைத்ததால் அதை எர்த் என்று எண்ணிவிடுகிறோம். எல்இடியின் நீளக் கால் நீலத்துக்கு, குட்டைக் கால் நிற ஒயருக்கு.

ஃப்ரேமை நம்பாதீர்கள். பல இன்ஜின்களில், முக்கியமாகப் பழையவற்றில், உலோக ஃப்ரேம் ஒரு பக்கத் தண்டவாளத்தோடு இணைந்தே இருக்கும். பழைய பல்பு ஹோல்டரை அப்படியே விட்டுவிட்டு டிகோடர் ஒயரை அதில் சால்டர் செய்தால், ஃபங்ஷன் அவுட்புட் (அந்த நிற ஒயர்) நேராகத் தண்டவாளத்தோடு பேச ஆரம்பிக்கும். என் முதல் டிகோடர் அதைவிட அற்பமான காரணத்தால் போனது. நீல ஒயரின் தோல் ஓர் அரிசி அளவுக்கு உரிந்திருந்தது. பாடியை மூடித் திருகியபோது அந்த இடம் ஃப்ரேமின் விளிம்பில் நசுங்கியிருக்கிறது. லேசான கருகல் வாசம், பிறகு எதுவுமே இல்லை.

அடுத்தது ரெசிஸ்டர். எல்இடியை நேரடியாக நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே வைத்தால் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். வெள்ளை எல்இடி தனக்கு 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். நீலத்தில் 14 வோல்ட் வருகிறது என்றால் மீதி 11 வோல்ட்டை ரெசிஸ்டர்தான் தாங்க வேண்டும். 1 கிலோ ஓம் போட்டால் 11 மில்லி ஆம்பியர் ஓடும், ரெசிஸ்டரில் 0.12 வாட் சூடாகும். எட்டில் ஒரு வாட் ரெசிஸ்டருக்கு அது எல்லை; கால் வாட் போடுங்கள், பிளாஸ்டிக் பாடியை ஒட்டி வைக்காதீர்கள். இன்றைய எல்இடிகளுக்கு 1 கிலோ ஓம் என்பதே அதிக வெளிச்சம் என்பது என் கருத்து. கேபின் விளக்குக்கு 10 கிலோ ஓம் போட்டால்தான் பார்க்க நிஜம் மாதிரி இருக்கும்.

சிக்கனம் பார்த்து இரண்டு எல்இடிக்கு ஒரே ரெசிஸ்டரைப் பகிரக் கூடாது. சிவப்புக்கு 2 வோல்ட் போதும் என்பதால் கரண்ட் முழுவதையும் அது விழுங்கிவிடும், பக்கத்து வெள்ளை இருட்டாகவே நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர்.

பழைய இழை பல்பையே வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த இழையின் தடை மிகக் குறைவு. ஸ்விட்ச் போட்ட கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் பாயும். அவுட்புட்டின் வரம்பைக் கைப்புத்தகத்தில் பார்க்காமல் இணைக்காதீர்கள். 21 பின் டிகோடர்களில் இன்னொரு பொறி: சில அவுட்புட்கள் வெறும் சிக்னல் மட்டுமே தரும். அவற்றில் விளக்கு எரிய நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரியாவிட்டால் உடனே சால்டரை உருக்க வேண்டாம். 8 பின் பிளக்கைத் தலைகீழாகச் செருகினால் இன்ஜின் ஓடும், விளக்கு மட்டும் வராது. நீலத்துக்கு எதிர்ப்புறம் பச்சை இருப்பதுதான் காரணம். திருப்பிச் செருகினால் போதும்.

வேகத்தைக் கூட்டக் கூட்ட முன்விளக்கு எரிந்து அணைந்து எரிந்தால்? இதற்காக மூன்று தடவை பாடியைக் கழற்றியவன் நான். லூஸ் கனெக்ஷனே இல்லை. டிகோடர் வேகத்தை 14 படிகளாகப் பிரிக்கும் முறையில் இருக்கிறது, கண்ட்ரோலர் 28 படியில் பேசுகிறது. 14 படி முறையில் விளக்குக்கு ஒதுக்கிய பிட்டை 28 படி முறை வேகத்துக்கு எடுத்துக்கொள்கிறது. டிகோடரின் அமைப்புகள் சிவி என்ற எண்ணிட்ட இடங்களில் இருக்கும்; சிவி 29-இல் வேகப் படிக்கான அந்த ஒரு பிட்டை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் நின்றபடியே மினுக்கினால், அது சக்கர அழுக்கு.

இன்சுலேஷன் டேப் சூட்டில் பசையாக வழியும். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். டிகோடரை மட்டும் முழுக்கச் சுற்றி மூச்சுமுட்ட வைக்காதீர்கள்.

மூடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து, மோட்டாரின் இரு முனைகளும் தண்டவாளத்தோடோ ஃப்ரேமோடோ சேரவில்லை என்று பார்த்துவிடுங்கள். முதல் சோதனை, சிவிக்களைப் படிக்கவும் மாற்றவும் வைத்திருக்கும் தனித் தண்டவாளமான புரோகிராமிங் டிராக்கில்தான். அங்கே கரண்ட் குறைவு, ஷார்ட் இருந்தாலும் டிகோடர் பிழைக்க வாய்ப்புண்டு. மோட்டாரை இணைக்காமல் விளக்கை மட்டும் இணைத்துவிட்டுப் படிக்க முயன்றால் பதில் வராது, ஏனென்றால் டிகோடர் பொதுவாக மோட்டாரைச் சிறிது துடிக்க வைத்துத்தான் பதில் சொல்கிறது. தயாரிப்பாளரின் எண் இருக்கும் சிவி 8-ஐ ஒருமுறை படியுங்கள், பாடியை மூடித் திருகிவிட்டு இன்னொருமுறை படியுங்கள். இரண்டாவது தடவை பதில் வராவிட்டால் உள்ளே ஏதோ ஒயர் நசுங்கியிருக்கிறது. மெயின் லைனில் வைக்காமல் திரும்பத் திறங்கள்.