ராத்திரி 2 மணி மார்ஃபினுக்கு அலாரம் வைக்கிறீர்களா?

வீட்டில் இருக்கும் புற்றுநோயாளிக்கு கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரையை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பவர்கள், அடுத்த முறை பாலியேட்டிவ் கேர் (வலியையும் அவதியையும் குறைக்கும் சிகிச்சை) டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: "நடுராத்திரி வேளையைத் தவிர்க்க, படுக்கும்போது கொடுக்கும் அளவைக் கூட்டித் தரலாமா?"

சாதாரண மார்ஃபின் சுமார் 4 மணி நேரம்தான் வலியை அடக்கி வைக்கும். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று கொடுத்துவிட்டு, இரவு 10 மணிக்கு இரட்டை அளவு எழுதித் தருவது பாலியேட்டிவ் கேரில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம். நோயாளி இடையில் எழாமல் தூங்கலாம், உங்களுக்கும் ஒரே மூச்சில் சில மணி நேரத் தூக்கம் கிடைக்கும். பார்த்துக்கொள்பவரின் தூக்கம் டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம்தான். பலர் அதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள், தயங்காமல் சொல்லுங்கள்.

12 மணி நேரத்துக்கு ஒன்று என்ற மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு இது பொருந்தாது. சிறுநீரகம் பழுதானவர்கள், மிகவும் தளர்ந்த முதியவர்கள், பகலிலேயே அதிக மயக்கமாக இருப்பவர்கள், இவர்களுக்கு இரட்டை அளவு வேண்டாம் என்றுதான் டாக்டர் பெரும்பாலும் சொல்வார். எவருக்குமே நீங்களாக அளவைக் கூட்டக் கூடாது. அளவை மாற்றிய பிறகும் இரவில் வலியில் எழுந்தால், விடியும்வரை பொறுக்கச் சொல்லாதீர்கள். திடீர் வலிக்கென்று தனியாக எழுதித் தந்த வேளையைக் கொடுங்கள். சீட்டில் அது இல்லையென்றால், அதையும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.