கசாண்ட்ரா டேட்டாவைப் புது கிளஸ்டருக்கு மாற்றுவது

கசாண்ட்ரா என்பது பல சர்வர்களில் பரவி ஓடும் டேட்டாபேஸ்; அந்தச் சர்வர் கூட்டம்தான் கிளஸ்டர். முதலில் புது கிளஸ்டரில் ஸ்கீமாவை (டேபிள்களின் அமைப்பை) அப்படியே உருவாக்குங்கள். அப்புறம், பழைய டேட்டாவைத் தொடுவதற்கு முன்பே, அப்ளிகேஷன் இரண்டு கிளஸ்டரிலும் ஒரே டைம்ஸ்டாம்போடு (எழுதிய நேரக் குறியோடு) எழுதும்படி மாற்றிவிடுங்கள். வரிசையைத் தலைகீழாக்கினால் நடுவில் வந்த ரைட்டெல்லாம் எங்கே போச்சு என்று தேட வேண்டியதுதான்.

சரி, இனி பழைய கிளஸ்டரின் ஒவ்வொரு நோடிலும் (சர்வரிலும்) நோட்டூல் என்ற கருவியால் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) எடுத்து, அதை எஸ்எஸ்டேபிள்லோடர் என்ற கருவியால் புது கிளஸ்டரில் ஏற்றலாம். எழுதப்பட்ட நேரமும் கூடவே போவதால் பழைய மதிப்பு புதியதை அழிக்காது. டெலீட்தான் வம்பு: இயல்பாக 10 நாள் கழிந்தால் டூம்ஸ்டோன் (அழித்ததற்கான அடையாளம்) கம்பாக்‌ஷனில் (டேட்டா ஃபைல்களை ஒன்றுசேர்க்கும் வேலையில்) காணாமல் போகலாம், ஏற்றும் வேலை அதைத் தாண்டி இழுத்தால் அழித்த வரி மறுபடி முளைக்கும். அதனால் புது கிளஸ்டரில் ஜிசி கிரேஸைக் (டூம்ஸ்டோனைக் காத்து வைக்கும் அந்த அவகாசத்தைக்) கூட்டி வையுங்கள். கவுண்டர் டேபிளுக்கு (எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் டேபிளுக்கு) இந்த வழியே வேண்டாம், எண்ணிக்கை பிசகும்.

எல்லாம் ஏறியதும் ரிப்பேர் (நோடுகளில் உள்ள நகல்களை ஒப்பிட்டுச் சரிசெய்யும் வேலை) ஓட்டிவிட்டு ரீடைப் புது கிளஸ்டருக்குத் திருப்புங்கள். பழையதை உடனே அணைக்காதீர்கள்.