நாட் போர் விமானம்: தெர்மகோலில் 1:20 மாதிரி

கண்காட்சிக்கு நாட் செய்யச் சொன்னால் பலர் செய்து முடிப்பது மிக்-21 மாதிரிதான் இருக்கும். இறக்கையை நடு உடம்பில் செருகி, சக்கரக் காலை நெட்டையாக வைத்துவிடுவார்கள். பிரிட்டனில் பெட்டர் என்ற விமான வடிவமைப்பாளர் நாட் விமானத்தை வரைந்ததே சின்ன விமானம் வேண்டும் என்றுதான். 1955 ஜூலையில் முதலில் பறந்தது. ஒரே ஆர்ஃபியஸ் ஜெட் எஞ்சின், இறக்கை அகலம் சுமார் 6.7 மீட்டர். 1:20 அளவில் முனைக்கு முனை 34 செ.மீ., நீளம் 44 செ.மீ. வரும்.

சன்போர்டு (கெட்டியான நுரை அட்டை), டிஷ்யூ தாள், ஃபெவிகால் எல்லாம் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் கிடைக்கும். உடம்புக்கு 2.5 செ.மீ. தெர்மகோல் மூன்று அடுக்கு. ஃபெவிகாலை நடுக்கோட்டில் மட்டும் புள்ளி புள்ளியாக வையுங்கள். ஓரம் வரை தடவினால் காய்ந்த பசை தெர்மகோலைவிடக் கெட்டி. தேய்க்கும்போது அந்த இடம் வரப்பாக எழும்பி நிற்கும். மேலே புத்தகம் வைத்து ஒரு நாள் விடுங்கள். ராயபுரம், காசிமேடு கடல் காற்றுக்கு மழை மாதத்தில் இரண்டு நாள். பிளேடு மழுங்கினால் தெர்மகோல் மணிமணியாகப் பிய்யும், உடனே மாற்றிவிடுங்கள்.

இறக்கை 3 மி.மீ. சன்போர்டில் ஒரே துண்டு. 40 டிகிரி பின்னோக்கிச் சரிய வெட்டி, அடிப்பக்கம் நடுவில் 'வி' போலக் கீறி வளையுங்கள். முனைகள் ஒரு செ.மீ. போலத் தாழ வேண்டும். உடம்பின் மேல்பகுதியில் பள்ளம் எடுத்து இதைச் செருகுங்கள், ஒட்ட வேண்டாம். வால் இறக்கை தாழ்வாக இருக்கும்.

விமானி அறையின் இருபுறமும் எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் வாய்கள். பலர் விட்டுவிடுவது பீரங்கியை: 30 மி.மீ. ஏடன் இரண்டு, வாய்க்கு ஒன்றாக. கறுப்படித்த ஈர்க்குச்சி போதும். சக்கரக் கால் உடம்பிலிருந்தே இறங்கும், இறக்கையிலிருந்து அல்ல. பறக்கும்போது பாதி இறக்கினால் அதுவே வேகத்தைக் குறைக்கும் காற்றுத் தடை. ஆகவே பறக்கும் நிலையில் கால் பாதி தொங்கினாலும் தப்பில்லை. தரையில் நிற்கவைத்தால் மூக்குக்குள் இரண்டு மூன்று காசு புதையுங்கள், இல்லாவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும்.

ஸ்ப்ரே பெயின்ட் தெர்மகோலை அரித்துத் தின்னும். ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து டிஷ்யூ இரண்டு சுற்று, மேலே மெல்லிய வால் புட்டி, 220 நம்பர் உப்புத்தாள், பிறகு அக்ரிலிக். ஊசித் துளை ஒன்று மிச்சமிருந்தாலும் அதன் வழியே உள்ளே குழி விழும். இத்தனைக்கும் பிறகுதான் வெள்ளி ஸ்ப்ரே. மழை நாளில் அடித்தால் மங்கிப்போகும்.

வெள்ளி நிறம் 1965 பாகிஸ்தான் போரில் இந்திய விமானப்படை ஓட்டிய நாட் விமானத்துக்கு. பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தி 'சேபர் ஸ்லேயர்' பெயர் வாங்கியது அப்போதுதான். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் உயிர்நீத்து பரம்வீர் சக்ரா பெற்ற நிர்மல்ஜித் சிங் செகோனின் விமானம் என்றால் பச்சைச் சாயல் மறைப்பு நிறம். விமானப்படையின் வட்டச் சின்னத்தில் காவி வெளியே, பச்சை நடுவே. இதைத் தலைகீழாகப் போடுவோர் அதிகம்.

எடுத்துப்போகும்போது இறக்கையைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். ஷேர் ஆட்டோவில் முழங்கை பட்டாலே முனை ஒடியும்.