ஒத்திகைக்குச் சைக்கிளில் போங்கள்

சிங்கப்பூரில் வேலை முடிந்து வீடு திரும்பவே ஏழரை மணி ஆகிறது, இதில் சைக்கிள் எங்கே, நாடகம் எங்கே என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். மூன்றையும், அதாவது சைக்கிள், அக்கம்பக்கம் சுற்றுவது, நாடகம் மூன்றையும் தனித்தனியாக வைத்தால் எதற்குமே நேரம் கிடைக்காது, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்துவிட வேண்டும். ஒத்திகைக்குச் சைக்கிளில் போக ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இது கைகூடியது.

உடனே கடைக்குப் போய்ப் புது சைக்கிள் வாங்காதீர்கள். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மஞ்சள் கட்டத்தில் நிற்கும் எனிவீல், ஹெலோரைடு வாடகை சைக்கிளை ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். திருப்பி நிறுத்தும்போது அங்குள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய மறந்தால் கூடுதல் கட்டணம் விழும், கவனம். ஏறுவதற்கு முன் இருக்கையைச் சரிசெய்யுங்கள்: பக்கத்தில் நின்றால் அது உங்கள் இடுப்பெலும்பு உயரத்துக்கு வர வேண்டும், மிதி கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். நான் தாழ்வாக வைத்து ஓட்டி இரண்டு வாரம் முழங்கால் வலியோடு திரிந்தேன்.

பழக்கம் வந்ததும் மடக்கு சைக்கிள் வாங்குவது நல்லது. மடக்கிய அளவு 120க்கு 70க்கு 40 செ.மீ. தாண்டாமல் இருந்தால் எம்ஆர்டி ரயிலில் எந்த நேரமும் ஏற்றலாம், மழை பிடித்துக்கொண்டால் இது பெரிய உதவி. நடைபாதையில் மணிக்கு 10 கி.மீ., பூங்கா இணைப்புப் பாதையில் 25 கி.மீ., அதற்கு மேல் கூடாது. சாலையில் இறங்கினால் தலைக்கவசம் கட்டாயம். நமக்கு ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில் இருட்டிவிடுவதால் முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்கு இல்லாமல் மாலையில் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

வழியைத் தேர்ந்தெடுக்கும்போது சீக்கிரம் போகும் வழியைப் பார்க்க வேண்டாம், தண்ணீர் ஓரமாகப் போகும் வழியைப் பாருங்கள். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஒரு காலத்தில் சிமெண்ட் கால்வாயாக இருந்ததைத்தான் 2012இல் புல்லும் கல்லுமாக மறுபடி ஆறாக மாற்றினார்கள், அதே காலாங் ஆறுதான் கீழே நகரம் வரை வருகிறது. நீர்நாய்க் குடும்பம் கரையேறினால் நிறுத்தி வழிவிடுங்கள், ஐந்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் ஆகாது.

வசனத்தை அந்தக் கரையோரத்திலேயே படியுங்கள். காதில் எதுவும் மாட்டாமல், வாய்விட்டு. "இந்த வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு" என்று ஒரு வரி எனக்கு, மூன்று வாரமாக இயக்குநர் அண்ணன், "தம்பி, அவசரப்படுறீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், எங்கே அவசரம் என்று பிடிபடவே இல்லை. ஒருநாள் பாலத்து ஏற்றத்தில் 'சாவி' என்றதும் மூச்சு நின்றது, இழுத்து விட்டு மீதியைச் சொன்னேன். அந்த இடைவெளிதான் அவர் கேட்டது!

சரி, நாடகத்தில் சேர்வது எப்படி? உங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் இந்திய நற்பணிச் செயற்குழுவிடம் நேரில் போய்க் கேளுங்கள். 1988இல் தொடங்கிய ரவீந்திரன் நாடகக் குழு, அகம், அவாண்ட் போன்ற குழுக்களின் சமூக ஊடகப் பக்கங்களையும் பின்தொடருங்கள், ஏப்ரலில் தமிழ்மொழி விழா, நவம்பரில் எஸ்பிளனேட் கலையரங்கின் கலா உத்சவம் என்ற இந்தியக் கலைவிழா வருகிற நேரங்களில் போய்ப் பாருங்கள். 2025இல் 18 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூரராக இருந்தால், கலை நிகழ்ச்சிகளுக்காக அரசாங்கம் தந்த எஸ்ஜி கல்ச்சர் பாஸின் 100 வெள்ளி உங்களுக்கு உண்டு, 2028 முடிய, தகுதிபெற்ற நிகழ்ச்சிகளுக்குச் செலவழிக்கலாம்.

நடிக்கக் கூச்சமா, மேடைக்குப் பின்னால் வாருங்கள். என்னை முதலில் பொருள் மேசைக்குத்தான், அதாவது நடிகர்கள் மேடைக்கு எடுத்துப்போகும் பொருள்களை அடுக்கிவைக்கும் மேசைக்குத்தான் அனுப்பினார்கள். மேசை முழுக்க வெள்ளைத்தாள் ஒட்டி, மூக்குக்கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி, கடிதம் என ஒவ்வொன்றையும் வைத்து மார்க்கரால் சுற்றிக் கோடு போட்டு உள்ளே பெயர் எழுத வேண்டும். காட்சி தொடங்குமுன் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எது காணோம் என்று இருட்டிலும் தெரிந்துவிடும். இந்த வேலையைச் செய்தவருக்கு நாடகம் முழுதும் மனப்பாடமாகிவிடும், அடுத்த முறை நடிக்கக் கூப்பிட்டால் பயம் இருக்காது.

ஒத்திகை இல்லாத ஞாயிற்றுக்கிழமை குழுவோடு புலாவ் ஊபின் தீவுக்குப் போங்கள். சாங்கிப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பிவிடும், குழுவாகப் போனால் காத்திருக்கவே வேண்டாம். சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம், தீவின் செக் ஜாவா சதுப்புநிலப் பகுதியில் மட்டும் அதை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

அப்புறம், பையில் ஒரு காய்ந்த சட்டை, சிறு துண்டு, பிளாஸ்டிக் உறையில் நாடகப் பிரதி. ஒத்திகைக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேருங்கள், வியர்வை அடங்கிக் குரல் நிதானத்துக்கு வர அவ்வளவு நேரம் வேண்டும்.