அப்பாவின் கால் கட்டைவிரல்: கௌட் வலியைக் கையாளத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

இரவு இரண்டு மணிக்கு அப்பா கூப்பிட்டார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வலது காலைக் கையால் தாங்கிப் பிடித்திருந்தார். கட்டைவிரலின் அடிமூட்டு செக்கச்செவேலென்று வீங்கிப் பளபளத்தது. "போர்வை நுனி பட்டாலே உயிர் போகுதும்மா" என்றார். படுக்கப் போகும்போது ஒன்றுமே இல்லை. எங்கேயும் இடித்துக்கொள்ளவும் இல்லை.

அதன் பெயர் கௌட் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று வருடம் ஆனது. அதுவரை வலி வரும்போதெல்லாம் மருந்துக்கடையில் சொல்லி வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். நாலைந்து நாளில் சரியாகிவிடும், நாங்களும் மறந்துவிடுவோம். கடைசியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது யூரிக் அமிலம் 9.4, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.6. சிறுநீரகம் அடிவாங்கியதில் அந்த வலி மாத்திரைகளுக்கும் பங்கு உண்டு என்றார் மருத்துவர். அந்த மூன்று வருடம் இன்றும் என் மனதை உறுத்துகிறது. இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மாத்திரை, அளவு எல்லாம் உங்கள் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. அவரிடம் என்ன கேட்க வேண்டும், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

பனங்கற்கண்டு செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கெட்டியான பதநீர்ப் பாகில் நூலைத் தொங்கவிட்டால், நாள்கணக்கில் அதன்மேல் கற்கண்டு படியும். கௌட்டும் அப்படித்தான். ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறக்குறைய 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் கரைந்திருக்க முடியாமல் ஊசி ஊசியாகப் படிகமாகும். கால் விரல்கள் உடலின் மற்ற பாகங்களைவிடக் குளிர்ச்சியானவை என்பதால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் படிகிறது. அந்த ஊசிகளை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்கும்போதுதான் இந்த வலி. வலி அடங்கினாலும் படிகம் அங்கேயேதான் இருக்கும். அளவு 6-க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் மட்டுமே அது மெல்ல மெல்லக் கரையும்.

இந்த நோயில் புரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயமே இதுதான். வலியை அடக்கும் மருந்து வேறு, படிகத்தைக் கரைக்கும் மருந்து வேறு. நாங்கள் மூன்று வருடம் முதலாவதை மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

படி 1: வலி வந்த இரவு

காலை இரண்டு தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். ஒரு நாளில் நாலைந்து தடவை கொடுக்கலாம். போர்வை காலில் படாமல் இருக்க, கால்மாட்டில் ஒரு ஸ்டூலை வைத்து அதன்மேல் போர்த்திவிடுவோம். தண்ணீர் நிறையக் குடிக்க வையுங்கள்.

தைலம் தேய்த்து நீவிவிடாதீர்கள். எங்கள் பாட்டி பாசத்தில் அதைத்தான் முதலில் செய்தார். அப்பா அலறிவிட்டார். சுளுக்கு வேறு, இது வேறு. சூடான ஒத்தடமும் வேண்டாம்.

காய்ச்சல், குளிர் நடுக்கம் இருந்தாலோ, மூட்டுக்குப் பக்கத்தில் புண் இருந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மூட்டுக்குள் கிருமித்தொற்று ஏற்பட்டாலும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். அது அவசர நிலை.

படி 2: கௌட்தானா என்று உறுதி செய்வது

வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலம் பார்த்தால் சிலருக்கு அளவு சாதாரணமாகவே காட்டும். அப்பாவுக்கு முதல் தடவை 6.5 என்று வந்தது. அதைப் பார்த்து "கௌட் இல்லை" என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். அதனால் வலி தணிந்து இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். கூடவே கிரியாட்டினின், சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். கௌட் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்து நுண்ணோக்கியில் படிகத்தைக் கண்ணால் பார்ப்பதே மிக உறுதியான சோதனை. எல்லோருக்கும் அது தேவைப்படாது, சந்தேகம் இருந்தால் செய்வார்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஏற்கனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் சில நீர் மாத்திரைகள், இதயத்துக்குப் போடும் குறைந்த அளவு ஆஸ்பிரின் எல்லாம் யூரிக் அமிலத்தைக் கூட்டும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். சிலவற்றை மாற்ற முடியும், சிலவற்றை மாற்றக் கூடாது. அப்பாவுக்கு நீர் மாத்திரையை எடுத்துவிட்டு லோசார்டான் கொடுத்தார்கள். அது அழுத்தத்தையும் குறைக்கும், யூரிக் அமிலத்தையும் கொஞ்சம் வெளியேற்றும்.

படி 3: இரண்டு வகை மாத்திரைகள்

இந்தப் படியை அவசரப்படாமல் படியுங்கள்.

முதல் வகை, வலி வந்தபோது போடுவது. இதில் மூன்று வழிகள் உண்டு: நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் போன்ற வலி நிவாரணிகள்; கோல்சிசின்; பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு. எது பொருந்தும் என்பது ஆளைப் பொறுத்தது. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இருப்பவர்களுக்கு வலி நிவாரணி ஆபத்து. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். எதுவாக இருந்தாலும் வலி தொடங்கிய சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் நன்றாகக் கேட்கும். அதனால் அடுத்த தடவை வலி வந்தால் எதை, எத்தனை போட வேண்டும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள்.

கோல்சிசின் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் மாநில மலரான செங்காந்தளில் இருக்கும் பொருள்தான் அது. மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிர் செய்கிறார்களே, அதன் விதையை மருந்துக் கம்பெனிகள் வாங்குவது இதற்காகத்தான். நம் மண்ணில் வளர்வது உலகமெங்கும் இந்த வலியைத் தணிக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தச் செடியின் கிழங்கோ விதையோ எதையும் வீட்டில் இடித்துக் குடிக்காதீர்கள். உயிரே போய்விடும். கோல்சிசினில் மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மாத்திரையாக வந்தாலும் அப்படித்தான். வயிற்றுப்போக்கு தொடங்கினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். சளிக்காக வேறு மருத்துவரிடம் போனாலும் "கோல்சிசின் போடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது வகை, வலி இல்லாத நாளிலும் தினமும் போடுவது. அல்லோபியூரினால் அல்லது ஃபெபுக்ஸோஸ்டாட். யூரிக் அமிலம் உருவாவதையே குறைப்பவை இவை. அல்லோபியூரினால் 1966-ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கும் மருந்து. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரே ஒரு தடவை வலி வந்த எல்லோருக்கும் இது தேவைப்படாது. வருடத்தில் இரண்டு தடவையோ அதற்கு மேலோ வந்தாலோ, காதிலோ முழங்கையிலோ சுண்ணாம்புபோல வெள்ளைக் கட்டிகள் இருந்தாலோ, மூட்டு அரித்திருந்தாலோ கட்டாயம் பேசுங்கள்.

அல்லோபியூரினாலைக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். வழக்கமாக 100 மில்லிகிராம், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் 50. அப்பாவுக்கு 50-இல் தொடங்கி ஐந்து மாதத்தில் 300 வரை போனார்கள். பலர் 100-இலேயே நின்றுவிடுகிறார்கள். போதுமா என்பதை எண்தான் சொல்லும். 6-க்குக் கீழே வரவில்லை என்றால் "அளவைக் கூட்டலாமா?" என்று நீங்களே கேளுங்கள். கட்டிகள் இருப்பவர்களுக்கு 5-க்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள்.

இப்போது, பலர் தவறுகிற இடம். இந்த மாத்திரையைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி அடிக்கடி வரலாம். படிகம் கரையத் தொடங்கி அசைவதால் வருவது அது. அப்பாவுக்கு இரண்டு தடவை வந்தது. "இந்த மாத்திரையே எனக்கு ஒத்துக்கல" என்று டப்பாவைத் தூக்கி மேலே வைத்துவிட்டார். மருத்துவரிடம் கேட்டபோது, வலி வந்தாலும் தினசரி மாத்திரையை நிறுத்தாமல் வலிக்கான மருந்தைத் தனியாகச் சேர்த்துப் போட வேண்டும் என்றார். இந்தத் தொல்லையைத் தடுக்க முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குச் சிறிய அளவில் கோல்சிசின் சேர்த்துக் கொடுப்பார்கள். கொடுக்கவில்லை என்றால் கேளுங்கள்.

நிறுத்த வேண்டிய ஒரு நேரம் உண்டு. தோலில் தடிப்போ சிவப்போ வந்தால், வாயில் புண் வந்தால், கண் சிவந்தால், அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அரிதுதான், ஆனால் வந்தால் கடுமையானது. முதல் இரண்டு மாதம் கவனமாக இருங்கள். இதய நோய் இருப்பவர்கள் ஃபெபுக்ஸோஸ்டாட் தொடங்கும் முன் அதைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

எட்டாவது மாதம் அப்பாவுக்கு 5.4 வந்தது. "நான்தான் நல்லாயிட்டேனேம்மா, இன்னும் எதுக்கு?" என்று கேட்டார். நிறுத்தினால் பாகு மறுபடி கெட்டியாகும், கற்கண்டு மறுபடி படியும் என்றேன். ரத்த அழுத்த மாத்திரை மாதிரி இதுவும் பெரும்பாலும் வாழ்நாளுக்கும்தான்.

படி 4: சாப்பாடு

சாப்பாட்டை மட்டும் மாற்றிக் கௌட்டைச் சரிசெய்துவிடலாம் என்று நம்பித்தான் பலர் மாத்திரையைத் தள்ளிப்போடுகிறார்கள். உடம்பில் இருக்கும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உடம்பே உண்டாக்குவது. கடும் பத்தியம் இருந்தாலும் பொதுவாக ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் குறையும். 9.4-இல் இருந்தவரை அது 6-க்குக் கொண்டுவராது. ஆனால் வலியைக் கிளப்பிவிடும் சாப்பாட்டைத் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது.

விட வேண்டியவை: ஈரல், மூளை, சுவரொட்டி, குடல். ஆட்டுக்கால் சூப்பும் எலும்பு ரசமும்கூட. கொதிக்கும்போது, உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் தண்ணீரில் இறங்கிவிடும், கறியை ஒதுக்கிவிட்டுச் சாறை மட்டும் குடிப்பதில் பயனில்லை. பீர் வேண்டவே வேண்டாம், மற்ற மதுவும் நல்லதில்லை. பாட்டில் குளிர்பானமும் டப்பா ஜூஸும் பலர் கணக்கில் சேர்க்காதவை. அவற்றின் சர்க்கரையில் இருக்கும் ஃபிரக்டோஸ் யூரிக் அமிலத்தைக் கூட்டும். பழத்தைப் பழமாகச் சாப்பிட்டால் தொந்தரவு இல்லை.

குறைக்க வேண்டியவை: மத்தி, நெத்திலி, இறால், கருவாடு, ஆட்டுக்கறி. அப்பா நெத்திலிக் கருவாட்டை விடுவதற்குள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாரத்தில் ஒரு நாள், நாலு துண்டு மீன் என்று பேசி முடித்தோம்.

விடத் தேவையில்லாதது பருப்பு. "யூரிக் ஆசிட்னா பருப்பு, கீரை, தக்காளி, காளான் தொடக் கூடாது" என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு வருடம் எங்கள் வீட்டில் சாம்பாரே வைக்கவில்லை. அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கறியும் கடல் உணவும் கௌட்டைக் கூட்டின, பியூரின் உள்ள காய்கறியும் பருப்பும் கூட்டவில்லை, கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் குறைத்தன. அதனால் தைரியமாகச் சாம்பார் வையுங்கள், பிறகு மோர் ஊற்றுங்கள். காபியும் குடிக்கலாம். ஏதாவது ஒரு காய் உங்களுக்கு மட்டும் வலியைக் கிளப்புவதாகத் தெரிந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்து தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் மருத்துவர் சொன்ன அளவுதான். அப்புறம் விரதம். அப்பாவுக்குக் கந்த சஷ்டி முடிந்த மறுநாள் இரண்டு வருடம் தொடர்ந்து வலி வந்தது. பட்டினியும் தண்ணீர் குறைவதும் யூரிக் அமிலத்தை ஏற்றும். இப்போது மோரும் பழமுமாக விரதம் இருக்கிறார். உடல் எடையைக் குறைப்பதும் மெதுவாகத்தான் நடக்க வேண்டும்.

படி 5: செருப்பு

வலி போனபிறகும் அந்த மூட்டு பல வாரம் நொந்துபோய் இருக்கும். அப்பா முப்பது வருடமாகப் போட்டது கட்டைவிரல் வளையம் வைத்த தோல் செருப்பு. ஒவ்வொரு அடியிலும் அந்த வளையம் நொந்த விரலையே இழுத்துக்கொண்டிருந்தது. ஹவாய் செருப்பும் விரலிடுக்கில் அழுத்தும், காலை விட்டுக் கழலாமலிருக்க விரலை மடக்கி நடக்க வைக்கும்.

வாங்கும் முறை இது. சாயங்காலம் கடைக்குப் போங்கள், அப்போதுதான் கால் முழுதாக வீங்கியிருக்கும். போகும் முன் ஒரு தாளில் நின்று காலைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள், இரண்டு காலையும். கடையில் செருப்பை அந்தக் கோட்டின்மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அது உங்களுக்கு வேண்டாம். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். முன்பக்கம் அகலமாக, மேல்பாகம் மெத்தென்று, மூட்டின்மேல் தையல் உரசாமல் இருக்கட்டும். வெல்க்ரோ பட்டை இருந்தால் வீங்கும் நாளில் தளர்த்திக்கொள்ளலாம், பின்பட்டை இருந்தால் கழலாது. அடிப்பாகத்தைக் கையில் வளைத்துப் பாருங்கள். துணிபோல நடுவில் மடிந்தால் வேண்டாம். மெத்தை உள்ளே இருக்க, அடி கொஞ்சம் விறைப்பாக, நுனி லேசாக மேலே வளைந்திருந்தால் கட்டைவிரல் மூட்டு அதிகம் மடங்காமல் கால் உருண்டு போகும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு விற்கும் எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு எங்களுக்குப் பொருந்தியது. வீட்டுக்குள் மொசைக் தரையில் நடக்க மெத்தென்ற இன்னொரு ஜோடி வைத்திருக்கிறோம். சர்க்கரை இருந்தால் இரவில் ஒரு தடவை விரலிடுக்கு, பாதம் எல்லாம் பார்த்துவிடுங்கள். மரத்துப்போன கால் புண்ணைச் சொல்லாது.

ஊருக்கோ கல்யாணத்துக்கோ கிளம்பும்போது அப்பாவின் பைக்குள் ஒரு சின்னப் பர்ஸ் போகும். அதில் தினசரி மாத்திரை, வலி வந்தால் போட வேண்டியது, மருத்துவர் எழுதிய சீட்டு, கடைசியாகப் பார்த்த யூரிக் அமிலம், கிரியாட்டினின் எண்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எண்களைப் புதிதாக எழுதி, மாத்திரையின் காலாவதித் தேதியையும் பார்த்து வைக்கிறேன்.